கைகூப்பிப் பாடிய அறிவித்தல்

மழை என்றால் எனக்குப் பயம். இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்குப் பயப்படாதவர்கள் ஒன்றில் கொழும்பில் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் மண்ணுக்கடியில் இருக்கிறார்கள். தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றில் பிறந்தவள் நான். இப்போது எஹலியகொடையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பஸ் ஏறி, கடைசி ஏற்றத்துக்கு த்ரீவீலர் பிடித்து, தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பஸ் வளைவுகளில் திரும்பும்போது மற்றவர்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். நான் மேட்டுப் பக்கத்து மண்ணைப் பார்த்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள அம்மா ஒருத்தி ஒருநாள், "என்ன மகள், காசு ஏதும் விழுந்துருச்சா?" என்று கேட்டாள். விழுந்தால் காசு விழாது அம்மா என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

எங்கள் பாடசாலை ஒரு காலத்தில் கோயில்காரர்கள் தொடங்கியது. சம்பளம் அரசாங்கத்துடையது, முற்றம் இன்னும் கோயிலுடையது. அதிபர் பாடசாலைக்கும் அதிபர், கோயில் சபைக்கும் செயலாளர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அவரைக் குறை சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் பெருமை காலைப் பிரார்த்தனைதான். பிள்ளைகள் கைகூப்பி, கண்ணை மூடி, பண்ணோடு பதிகம் பாடினால் வீதியில் போகிற பால் லொறிக்காரன் கூட நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவான். மாகாணப் போட்டியில் வாங்கிய வெற்றிக் கிண்ணங்களை வைக்க அலுமாரியில் இடம் போதவில்லை. அதற்காக அந்த அலுமாரியிலிருந்த புத்தகங்களை எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தார்கள்.

ஆனால் அதே பிள்ளைகளிடம் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பந்தி வாசிக்கச் சொன்னால் போச்சு. எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் எழுத்தெழுத்தாக, முள்ளில் நடப்பது போல் நடப்பார்கள். வலயக் கல்விக் காரியாலயத்துக்கும் இது தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் கட்டளை வந்தது: இனிமேல் வாசிப்புத் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியதல்ல, எல்லாப் பாடத்திலும், எல்லா நிகழ்விலும் வாசிப்பு இருக்க வேண்டும், வந்து பார்ப்போம். ஆசிரியர் அறையில் ஒரே முணுமுணுப்பு. "கணக்குப் பாடத்துல நான் எதை வாசிக்கிறது, விடையையா?" என்றார் கணக்கு சேர்.

அதிபர்தான் வழி கண்டுபிடித்தார். வாசிக்க வராத பிள்ளைக்கும் பாட வருகிறதே! அப்படியானால் பாடத்தைப் பாட்டாக்கிவிட்டால் முடிந்தது. சமிபாட்டுத் தொகுதிக்கு ஒரு ராகம், வட்டத்தின் பரப்பளவுக்கு ஒரு ராகம், இலங்கையின் ஆறுகளுக்கு ஒரு ராகம். கொஞ்ச நாளில் எல்லா வகுப்பும் கணீரென்று 'வாசித்தது'. வலயத்திலிருந்து வந்த அதிகாரி ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூச்சு வாங்காமல் பாடி முடித்தாள். மனிதர் அசந்துபோனார். ஃபோனில் படம் பிடித்து எல்லாப் பாடசாலைக்கும் அனுப்பினார்.

அவர் போன பிறகு நான் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பார்த்தேன். அவள் தொடர்ந்து பாடினாள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தேன். அப்போதும் பாடினாள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாள். போய் அதிபரிடம் சொன்னேன்.

"மொதல்ல வாய்க்கு வரட்டும் டீச்சர். மண்டைக்குப் பொறகு வரும். சாமிப் பாட்டெல்லாம் நமக்கு அப்படித்தானே வந்துச்சு?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு மே மாதத்து மழை பிடித்தது. ரத்தினபுரியில் வெள்ளம் என்று வானொலி சொன்னது, கேகாலைப் பக்கம் எங்கோ மலை இறங்கியது என்று பஸ்ஸில் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம்தான் பிரதேச செயலகத்திலிருந்து மண்சரிவு அறிவித்தல் வந்தது, அதிசயமாகத் தமிழிலும் வந்தது. சுவரிலும் நிலத்திலும் வெடிப்புத் தோன்றுதல், கதவு யன்னல்கள் மூட முடியாமல் இறுகுதல், மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல், இவற்றைக் கண்டால் தாமதியாது பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறுங்கள். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டிருந்தார்கள்.

அதிபர் அதற்கு அவரால் கொடுக்க முடிந்த ஆகப் பெரிய மரியாதையைக் கொடுத்தார். காலைப் பிரார்த்தனையில், பதிகத்துக்கும் வாழ்த்துக்கும் நடுவில் அதை வைத்தார். அவரே உட்கார்ந்து ராகம் போட்டார்.

முதல் நாள் காலை அதைக் கேட்டேன். முற்றம் முழுக்கப் பிள்ளைகள். கைகூப்பி, கண்மூடி, உருகி உருகி, "வெடிப்புத் தோன்றுதல்... வெடிப்புத் தோன்றுதல்..." என்று இரண்டு தரம் இழுத்துப் பாடுகிறார்கள். முன்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பவள் அதே எட்டாம் வகுப்புச் சிறுமி. முன் பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், குரல் தேன். 'வெளியேறுங்கள்' என்ற சொல்லை அவள் மேலே ஏற்றி, சுழற்றி, மெல்ல இறக்கி வைத்தாள். பக்கத்தில் நின்ற சங்கீத டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கண்ணைத் துடைத்தேன், ஆனால் என் கண்ணீர் வேறு. இந்தப் பிள்ளைகள் பாடிவிட்டு எந்த மலைக்கு அடியில் போய்ப் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு என் பாடத்தில் புத்தகம் திறக்கவில்லை. "காலையில பாடுனீங்களே, அது என்ன சொல்லுது?" என்று கேட்டேன். வகுப்பு எழும்பி நின்று கைகூப்பியது. "கைய எறக்குங்க! பாடச் சொல்லல, என்ன சொல்லுதுன்னு கேட்டேன்." ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி, "சாமிய கும்புடச் சொல்லுது டீச்சர்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், என்ன செய்ய. வரிவரியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். "வீட்டுக்குப் போங்க. செவுத்தப் பாருங்க, கதவப் பாருங்க, மரத்தப் பாருங்க, தண்ணியப் பாருங்க. நாளைக்கு வந்து உங்க பேச்சுல சொல்லுங்க. ராகம் போட்டா முட்டி போட வைப்பேன்."

அடுத்த நாள் சொன்னார்கள். ஒருத்தன் வீட்டில் ஒன்றும் இல்லை. ஒருத்தி வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அது எப்போதும் ஒழுகுவதுதான். பிறகு அந்தச் சிறுமி எழுந்தாள்.

"எங்க காம்பிரா செவுரு பொளந்திருக்கு டீச்சர், கை உள்ள போகும். கதவு சாத்த வராது, கயித்தால கட்டிருவோம். லயத்துக்கு மேல இருக்கிற பலா மரம் நம்ம பக்கமா சாஞ்சிருச்சு. ஊத்துல இருந்து வர்ற பீலித் தண்ணி நேத்துல இருந்து பால் டீ கலர்ல வருது."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்ட சந்தோஷம் அவளுக்கு.  நான் ஃபோனை எடுத்தேன். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அதிபர் கோயில் வேலையாக டவுனுக்குப் போயிருந்தார், ஃபோன் எடுக்கவில்லை. கிராம உத்தியோகத்தரின் ஃபோன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பள்ளி விட்டதும் நானே அவளோடு மேலே நடந்தேன். எனக்கு வீரம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் நினைத்தேன். அவள் குடை இல்லாமல் முன்னால் குதித்துக் குதித்துப் போனாள். ரப்பர் மரங்களுக்கிடையில் தண்ணீர் புதுப்புது வழி வெட்டிக்கொண்டு ஓடியது. பலா மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதன் வேர்ப் பக்கம் மண் வாய் திறந்திருந்தது.

மழைக்கு ரப்பர் பால் வெட்டு இல்லாததால் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். அப்பா கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வந்து போகிறவர். "அனே டீச்சர், இந்த மழையிலயா!" என்று பதறி, வாசல் இஸ்தோப்பில் இருந்த ஒரே நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. "செவுத்தக் காட்டுங்க" என்றேன்.

காட்டினாள். கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு. அதைச் சுற்றி இரு பக்கமும் திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கீழே ஒரு விளக்கு, செம்பரத்தம் பூ.  கையை நீட்டினேன், மணிக்கட்டு வரை உள்ளே போனது. உள்ளிருந்து ஈரக் காற்று வந்தது.

"முந்தி ரொம்ப பயமா இருந்துச்சு டீச்சர்" என்றாள் அம்மா. "இப்ப இல்ல. ஸ்கூல்ல மலை எறங்காம இருக்க ஒரு பாட்டு குடுத்திருக்காங்களே, அத தெனமும் வெளக்கு வச்சதும் பாடச் சொல்லுவோம். லயத்துச் சனம் பூரா வந்து உக்காந்துரும். இந்தச் செவுத்தப் பாத்துத்தான் பாடுவா. கவர்மெண்ட்டுல இருந்து வந்த பாட்டாமே?"

ஐயோ!  ஓடு என்று எழுதி அனுப்பியதை, ஓட வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்து, விளக்கேற்றிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேறு எந்த ஊரில் இப்படி நடக்கும்? சிரிக்கவா அழவா என்றில்லை, அழத்தான் வந்தது. சிறுமியின் தோளைப் பிடித்து அம்மாவின் முன்னால் நிறுத்தினேன்.

"அது என்ன சொல்லுதுன்னு அம்மாகிட்ட சொல்லு. பாடாத. சோறு கேக்குற மாதிரி சாதாரணமா சொல்லு."

அவள் கை தானாகக் கூப்பியது. நான் தட்டிவிட்டேன்.

"செவுரு பொளந்தா..." என்று தொடங்கினாள். சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். "கதவு சாத்த முடியாட்டி..." கயிற்றைப் பார்த்தாள். "மரம் சாஞ்சா..." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "பீலித் தண்ணி கலங்குனா..." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.  அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடனே வெளிய போயிறணுமாம்மா. நிக்கக் கூடாதாம்."

ஒரு பிள்ளைக்கு ஒரு பந்தி விளங்குவதை நான் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் ஆசையில்லை. அந்த முகத்தில் இருந்த சிரிப்பை யாரோ துணியால் துடைத்து எடுத்தது போல் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "எங்க டீச்சர் போறது?"

"ஸ்கூலுக்கு வாங்க" என்றேன். அனுமதி கேட்காமல்தான் சொன்னேன்.

லயம் லேசில் இறங்கி வரவில்லை. "தாத்தா காலத்துல இருந்து நிக்கிற மலை" என்றார் ஒருவர். "நல்லா பாடிக்கிட்டு இருந்த புள்ளையப் பயமுறுத்திட்டாங்க இந்த டீச்சரம்மா" என்றாள் ஒருத்தி. நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு கிழவரைக் கையைப் பிடித்து இழுத்தே விட்டேன். சிறுமி ஒவ்வொரு காம்பிராவாக ஓடி ஓடி, பாடாமல், சொல்லிக்கொண்டே போனாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருத்தராக அரிசி மூட்டையைத் தூக்கினார்கள். பொழுது சாய முதல் எல்லோரும் பாடசாலை மண்டபத்தில். டவுனிலிருந்து வந்த அதிபரிடம் நடந்ததைச் சொன்னேன். திருநீறு, குங்குமம் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. நேரே போய்க் கோயில் அண்டாவைத் தூக்கி வந்து உலை வைத்தார்.

மறுநாள் நான் ஒன்பதாம் வகுப்பில் நிற்கும்போது மலை இறங்கியது. கருங்கல் லொறியைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம், ஆனால் நிற்காத சத்தம். பீலி, கக்கூஸ் வரிசை, பின்பக்கத்துக் குசினிகள், பலா மரம் எல்லாம் போய், லயத்தின் பின் சுவரில் இடுப்பளவுக்கு மண் ஏறி நின்றது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சிறுமியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், காம்பிராக் கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். வேறு காணி பார்ப்பதாகச் சொன்னார்கள். காணி தோட்டத்துடையது, தோட்டத்து மேலிடம் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். மேலிடம் முடிவு செய்யவில்லை. மண்டபத்தில் சேலைகளைக் கட்டி அறை பிரித்துச் சனம் இருந்தது. மழை குறைந்தது. அப்போதுதான் வலயத்திலிருந்து அடுத்த கட்டளை: வாசிப்பு விழா இந்த முறை எங்கள் பாடசாலையில். எல்லாப் பாடத்திலும் வாசிப்பை ஆகச் சிறப்பாக நடத்துகிற பாடசாலை நாங்கள்தானாம். மண்டபம் வேண்டும்.

அதிபர் போய்க் கெஞ்சினார், நானும் கூடப் போனேன். "மழைதான் விட்டுருச்சே, சேர்" என்று புன்னகையோடு சொன்னார்கள். அதிபர் திரும்பி வந்து சனத்திடம் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சிறுமியையும் அம்மாவையும் என் அறையில் வந்து தங்கக் கூப்பிட்டேன். "எங்களுக்கு மட்டும் எடம் கெடச்சா மத்தவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? காம்பிராவ விட்டா வேலையும் போயிரும் டீச்சர்" என்றாள் அம்மா.  விழாவுக்கு முந்திய நாள் பின்னேரம் அவர்கள் மூட்டை கட்டினார்கள். ஒரு மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். பாதி ஏற்றத்தில் தூறத் தொடங்கியது. எல்லோரும் நடையை எட்டிப் போட்டார்கள்.

காம்பிராக் கதவில் சிவப்புத் தாள் அப்படியே இருந்தது, மேலே சிங்களம், கீழே தமிழ். அம்மாவுக்கு இரண்டும் வாசிக்க வராது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "என்னாவாம்?"

சிறுமி தாளுக்குக் கிட்டப் போனாள். விரலை வைத்து ஒரு தரம் தனக்குள் வாசித்தாள். ராகம் இல்லை, தடுமாற்றம் இல்லை. பிறகு திரும்பி, "இந்தக் காம்பிராவுல யாரும் இருக்கக் கூடாதாம்மா. மண்ணு எப்ப வேணும்னாலும் திரும்ப வருமாம்" என்றாள். நான் இத்தனை நாளாக எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்த்த வாசிப்பு அதுதான். ஒரு குறையும் சொல்ல முடியாது.

அம்மா கயிற்றை அவிழ்த்து, தோளால் கதவைத் தள்ளித் திறந்தாள். "சரி. உள்ள வா, தல நனையுது."

சிறுமி அசையவில்லை. மலையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், உள்ள போகவா?"

நான் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். சிறுமி உள்ளே போனாள்.